எட்வின் மாண்டேகு (1879–1924)

லண்டன் யூத வங்கியாளர் குடும்பத்தில் பிறந்த எட்வின் சாமுவேல் மாண்டேகு, 1906இல் லிபரல் கட்சி நாடாளுமன்ற உறுப்பினரானார். 1917 ஜூலையில் இந்தியாவுக்கான அமைச்சரானார். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் என்ற திட்டம் அங்குள்ள முஸ்லிம்களைச் சொந்த மண்ணிலேயே அந்நியராக்கும் என்று அமைச்சரவையில் வாதிட்டார். அவர் இந்தியாவுக்குப் பயணத்தில் இருந்தபோது, 1917 நவம்பர் 2இல் பால்ஃபர் பிரகடனம் வெளியானது.

வைஸ்ராய் செம்ஸ்போர்டுடன் இணைந்து அவர் அளித்த அறிக்கையே 1919 இந்திய அரசுச் சட்டத்தின் அடிப்படை. அச்சட்டப்படி 1920இல் தேர்தல் நடந்தது. மரக்காணம் அடங்கிய அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் சுப்பராயலு ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியானார். ஆனால் உப்பு வரி, மாகாணத்திடம் வராமல் மத்திய அரசிடமே இருந்தது.

கிலாஃபத் கிளர்ச்சிக் காலத்தில், துருக்கி மீதான செவ்ர் உடன்படிக்கையைத் திருத்தக் கோரிய இந்திய அரசின் தந்தியை, அமைச்சரவையைக் கேட்காமலே வெளியிட அனுமதித்தார். அதனால் 1922 மார்ச்சில் பதவி விலக நேர்ந்தது. அவ்வாண்டுத் தேர்தலிலும் தோற்றார். 45 வயதில் மறைந்தார். எதிர்முகாமிலும் நியாயம் பேசியவர்களை நினைவுகூர்வது நம் கடமை.