கன்னடியன் கால்வாய்க் கரையில்

சேரன்மாதேவி என்றதும் நமக்கு நினைவு வருவது குருகுலச் சண்டை. அதற்குத் தொள்ளாயிரம் வருஷம் முன்பே அங்கே ஓர் ஊர் இருந்தது என்பது கன்னடியன் கால்வாய்க் கரையில் நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அச்சங்குளத்துக்காரனுக்கு அந்தக் கால்வாய் முதலில் ஒரு பொறாமை. எங்கள் பக்கம் கண்மாய் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். இங்கே தாமிரபரணி வயலைத் தேடி வருகிறது.

ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கன்னடியன் மூன்றாவது. மலையாளத்து அரசன் ஒருவன் தன் நோயை எள் பொம்மையில் இறக்கித் தானம் கொடுத்தானாம். ஒரு கன்னடப் பிரமசாரி அதை வாங்கினான். கிடைத்த செல்வத்தைக் கொண்டு, ஒரு பசு நடந்த வழியே கால்வாய் வெட்டினான்; பசு படுத்த இடமெல்லாம் குளம். இது கதை.

கல்வெட்டு வேறு பாஷை பேசுகிறது. 11ஆம் நூற்றாண்டில், சோழபாண்டியர் என்ற பிரதிநிதிகளை வைத்துச் சோழர் பாண்டிய நாட்டை ஆண்டபோது, இவ்வூர் முள்ளிநாட்டுப் பிரமதேயம். பெயர் நிகரிலிசோழச் சதுர்வேதிமங்கலம். பிரமதேய சபைகளைக் கிராம ஜனநாயகம் என்று கொண்டாடுகிற சரித்திரக்காரர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். சபையில் உட்காரத் தகுதி நிலமும் வேதமும் என்று உத்தரமேரூர்க் கல்வெட்டு ஒளிக்காமல் சொல்கிறது. வாய்க்காலில் தூர் வாரியவன் பெயர் எந்தக் குடவோலையிலும் ஏறியிருக்க முடியாது.

1922இல் வ. வே. சு. ஐயர் தொடங்கிய குருகுலம் நடந்தது இந்த ஊரில்தான். பல சாதிப் பிள்ளைகள் படித்தார்கள். இரண்டு பிராமணச் சிறுவர்கள் மட்டும், பெற்றோரின் பிடிவாதத்தால், தனியே சாப்பிட்டார்கள். காங்கிரஸ் ஐயாயிரம் ரூபாய் கொடுத்திருந்த ஸ்தாபனம் அது. தேசியத்தின் பெயரால் நடக்கும் இடத்தில் பந்தி ஏன் இரண்டு என்று வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ரா.வும் கேட்டது நியாயம். ஐயர் குறுகிய மனிதரல்ல; பெல்லாரிச் சிறையில் உட்கார்ந்து கம்பனை ஹோமருக்கும் மில்டனுக்கும் பக்கத்தில் நிறுத்தி எழுதியவர். ஆனால் பழைய ஊர் கொடியவர்களால் மட்டும் பிழைத்திருக்கவில்லை. இரண்டே பேர்தானே என்று நல்லவர்கள் செய்துகொள்கிற சமரசத்திலும் அது பிழைத்திருக்கிறது.

1925 ஜூன் 3. பாபநாசம் அருவிப் பக்கம் கல்யாண தீர்த்தத்தில் விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்த ஐயரும் அவளோடு போனார். அந்தத் தண்ணீர்தான் கீழே கன்னடியன் அணைக்கட்டுக்கு வருகிறது. அவ்வருஷம் நவம்பரில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அனுமதிக்கப்படாமல், ஈ. வெ. ரா. காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியல் அதன்பின் வேறு வழியில் பாய்ந்தது.

பசு போன வழியைக் கதை நினைவில் வைத்திருக்கிறது. மண் சுமந்தவர்கள் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று கதையும் சொல்லவில்லை, கல்லும் சொல்லவில்லை.