ஓட்ஸ் பிஸ்கோத்தும் நம்ம கேழ்வரகும்: ஒரு சின்ன வரலாறு

ரொம்ப நாளைக்கு அப்புறம் நீளமாக எழுதுகிறேன். டீயை ஆற்றி வைத்துக்கொண்டு படியுங்கள்.

பள்ளிபாளையத்தில் என்னிடம் படித்து, இப்போது பெங்களூரில் இருக்கும் ஒரு மாணவர் போன வாரம் கூப்பிட்டார். வயது நாற்பத்தைந்து கூட ஆகவில்லை, சர்க்கரை வந்துவிட்டதாம். "சார், பிஸ்கட்டை விட முடியலைங்க சார். வீட்டுல ஓவன் வாங்கிட்டோம். ஓட்ஸ் குக்கீஸ் செஞ்சா எத்தனை வேணும்னாலும் சாப்பிடலாம்ங்கறாங்களே, நெசமாங்க?" என்று கேட்டார். நான் டாக்டர் இல்லை, வரலாற்று வாத்தியார். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு நல்ல வரலாற்றுப் பாடம் ஒளிந்திருக்கிறது. அவருக்குப் போனில் சொன்னதை விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பெயர். நம் வீட்டுப் பெரியவர்கள் "பிஸ்கோத்து" என்றால் பேரன் பேத்திகள் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம் கண்ணுகளா. ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த சொற்கள். அவர்களுடைய 'பிஸ்கோய்த்து'தான் நம்ம பிஸ்கோத்து. ஆங்கிலத்தை விட மூலத்துக்குப் பக்கத்தில் நிற்பது பாட்டியின் சொல்தான்! 'இரண்டு முறை வெந்தது' என்பது அதன் பொருள். கப்பலில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க, சுட்டதையே மறுபடி வாட்டி ஈரத்தை எடுத்துவிடுவார்கள். 'குக்கீ' வேறு வழியில் வந்தது. டச்சு மொழியில் குட்டிக் கேக் என்று பொருள். அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களிடமிருந்து அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

இனி ஓட்ஸ். இன்றைக்கு மளிகைக் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கிற இந்தத் தானியம் ஆதியில் ஒரு களை. கோதுமை, பார்லி வயல்களில் ஊடே முளைத்தது. குளிரும் ஈரமுமாக மற்றப் பயிர் திணறிய வடக்கு ஐரோப்பாவில் இது மட்டும் தாக்குப்பிடித்ததால் தனிப் பயிரானது. ரோமானிய எழுத்தாளர் பிளினி, ஜெர்மானியர்கள் ஓட்ஸ் கஞ்சி குடிப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். 1755இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் இன்னும் குசும்பு. இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவதை ஸ்காட்லாந்தில் மனிதர்கள் சாப்பிடுகிறார்கள் என்ற பொருள் வரும்படி அகராதியிலேயே எழுதிவிட்டார். நம் வட மாநிலங்களிலும் ஓட்ஸ் இன்றுவரை பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகத்தான் விளைகிறது.

ஆக, ஏழையின் கஞ்சி. கேழ்வரகுக் களி தின்றவர்களை ஒரு காலத்தில் ஊர் எப்படிப் பார்த்ததோ, அதே பார்வைதான்.

அதை மாற்றியது அமெரிக்க வியாபாரம். ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் ஊரில் ஃபெர்டினாண்ட் ஷூமேக்கர் என்ற ஜெர்மானியர் 1850களில் ஓட்ஸ் மில் வைத்தார். 1861இல் உள்நாட்டுப் போர் வந்ததும் வடக்குப் படைக்கு அவருடைய ஓட்ஸ் மூட்டை மூட்டையாகப் போனது. 1877இல் 'க்வேக்கர்' என்ற வணிக முத்திரை பதிவானது. தானியத்தை ஆவியில் அவித்து, உருளைக்கு நடுவே நசுக்கித் தட்டையாக்கினார்கள். நம்ம அவல் மாதிரிதான். அவிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஓட்ஸில் கொழுப்பு அதிகம், கூடவே அந்தக் கொழுப்பைச் சிதைக்கிற நொதியும் உண்டு. அவிக்காமல் விட்டால் சில நாளிலேயே காறல் அடிக்கும். கம்பு மாவு அரைத்து வைத்தால் ஏன் சீக்கிரம் கசக்கிறது என்று என் மனைவி கேட்பார். அதே காரணம்தான்.

கஞ்சியாக மட்டும் விற்றால் எவ்வளவு விற்கும்? காலையில் ஒரு கிண்ணம், அவ்வளவுதான். அதனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனிக்காரர்கள் பெட்டியின் மேலேயே ரொட்டி, குக்கீ செய்முறைகளை அச்சடித்தார்கள். அதற்கு முன்பே, 1896இல் பாஸ்டன் நகரத்துச் சமையல் ஆசிரியை ஃபேனி ஃபார்மர் தன் புகழ்பெற்ற சமையல் நூலில் ஓட்மீல் குக்கீயைச் சேர்த்திருந்தார். அதில் மாவு இரண்டு கப், ஓட்ஸ் அரை கப், சர்க்கரை கால் கப். கவனியுங்கள், ஓட்ஸ் அதில் பெயருக்குத்தான் இருக்கிறது. ஆனால் சர்க்கரையும் அதற்குத் தக்கபடி குறைவு. பிற்பாடு செய்முறைகளில் ஓட்ஸ் கூடியது, சர்க்கரை அதைவிட வேகமாகக் கூடியது. (கப், ஸ்பூன் அளவை மேலே தட்டிச் சமமாக்க வேண்டும் என்று அமெரிக்க வீடுகளுக்குக் கற்றுக்கொடுத்தவரும் இந்த அம்மையார்தான். பதினாறு வயதில் பக்கவாதம் வந்து, கல்லூரிக் கனவை விட்டவர். நோயாளிகளுக்கான உணவு பற்றி 1904இல் தனி நூலே எழுதினார்.)

இப்போது மாணவரின் கேள்விக்கு நேராக வருகிறேன். ஓட்ஸை மருந்தாகக் கொடுத்தார்களா? கொடுத்தார்கள். 1902, 1903 வாக்கில் கார்ல் ஃபான் நோர்டன் என்ற ஜெர்மன் மருத்துவர், சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் ஓட்ஸ் கஞ்சியையே முக்கிய உணவாகக் கொடுத்து, சிறுநீரில் சர்க்கரை குறைவதைக் கண்டார். 'ஓட்ஸ் சிகிச்சை' என்று அது பேர் வாங்கியது. இன்சுலினை முதல் நோயாளிக்குப் போட்டது 1922இல்தான். அதுவரை கடும் பத்தியத்தை விட்டால் மருத்துவர்கள் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. இன்சுலின் வந்ததும் கஞ்சியை மறந்துவிட்டார்கள்.

மறுபடி ஓட்ஸுக்கு மவுசு வந்தது 1980களின் கடைசியில், கொலஸ்ட்ரால் பயத்தோடு. 1997இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம், ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் உள்ளே போனால் இதயநோய் ஆபத்தைக் குறைக்க உதவலாம் என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ள அனுமதித்தது. கஞ்சி வழவழவென்று கெட்டியாகிறதே, அந்த வழவழப்புதான் பீட்டா குளுக்கன். குடலில் போய்க் கொலஸ்ட்ராலைப் பிடித்துவைக்கிறது, சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தையும் தணிக்கிறது.

இந்த இடத்தில் பழைய வாத்தியார் புத்தி கணக்குப் போடச் சொல்கிறது. ஓட்ஸில் பீட்டா குளுக்கன் சுமார் 4 சதவீதம். 3 கிராம் கிடைக்க 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். வீட்டில் செய்யும் ஒரு குக்கீயில் 5 கிராம் ஓட்ஸ் இருக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் நாளைக்குப் பதினைந்து குக்கீ! அதோடு போகிற வெண்ணெய், வெல்லம், மாவு எல்லாம் சேர்ந்தால் ஆயிரத்து முன்னூறு கலோரி. அரை நாள் சாப்பாட்டை விட அதிகம். மருந்தாக நின்றது கஞ்சி. குக்கீ அதன் பேரைச் சொல்லி விற்ற பண்டம்.

அப்படியென்றால் குக்கீ கெட்டதா? அதுவும் இல்லை. கடையில் வாங்குவதை விட வீட்டில் செய்வதில் மூன்று விஷயம் நம் கையில் இருக்கிறது.

ஒன்று, கொழுப்பு. எண்ணெயைக் கெட்டியாக்கும் வித்தையை 1902இல் ஜெர்மானியர் ஒருவர் காப்புரிமை செய்தார். 1937இல் டால்டா நம் நாட்டுக்கு வந்தது. விலை மலிவு, கெட்டுப் போகாது, பிஸ்கட் மொறுமொறுவென்று வரும். நாடு முழுக்க பேக்கரிகள் அதைத்தான் பிடித்துக்கொண்டன. நம்ம கொங்குப் பக்கம் டீக்கடைக்கே பேக்கரி என்றுதான் பெயர். ராத்திரி ஷிப்ட்டில் தறி ஓட்டுகிறவர்களுக்கு டீயும் பன்னும் வர்க்கியும்தான் பாதிச் சாப்பாடு. அந்த வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்று உறுதியானதும், டென்மார்க் 2003இலேயே சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் 2 சதவீத வரம்பு வந்தது 2022 ஜனவரியில். நடுவில் எத்தனை வருஷம், எத்தனை பேர்!

இரண்டு, சர்க்கரை. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். இனிப்பு வகைகளில் நூறு கிராமுக்கு 20 முதல் 30 கிராம் வரை சர்க்கரை சாதாரணம். வீட்டில் அதைப் பாதியாக்கலாம். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை போட்டால் பழனி பஞ்சாமிர்த வாசம் வரும், பழனிக்கே அங்கிருந்துதான் போகிறது. ஆனால் சர்க்கரை நோய்க்காரர்களே, ஏமாறாதீர்கள். நாட்டுச் சர்க்கரையும் பெரும்பகுதி சர்க்கரைதான். நிறம் வேறு, மணம் வேறு, ரத்தத்தில் ஏறும்போது வேறில்லை.

மூன்று, மாவு. இங்கேதான் நம் மாவட்டத்துக் கதை. கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் தலைமுறை தலைமுறையாக விளைந்தன. இரண்டாம் உலகப் போரில் கீழை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலைகள் முளைத்தன. பிற்பாடு அந்தக் கிழங்கு மலைமேலும் ஏறியது. கையில் காசு தந்தது, குற்றம் சொல்ல முடியாது. சாமையை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களுக்கு இடுப்பொடியும் வேலை, அதையும் நினைக்க வேண்டும். சாமைக் காடுகள் சுருங்கிக்கொண்டே வந்தன. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே விதைகளைக் காப்பாற்றவும், உமி நீக்கும் சிறு இயந்திரம் வைக்கவும், மகளிர் குழுக்கள் மூலம் மாவும் மால்ட்டும் விற்கவும் வேலை செய்தது.

கீழே சமவெளியில் வேறு கதை. காமராசர் 1956இல் கொண்டுவந்த மதிய உணவுத் திட்டத்துக்கு 1960களில் 'கேர்' அமைப்பு மூலம் அமெரிக்கக் கோதுமை ரவையும் மக்காச்சோள மாவும் பால் பவுடரும் வந்தன. அந்த மஞ்சள் உப்புமாவின் ருசி என் வயதுக்காரர்களுக்கு இன்னும் நாக்கில் இருக்கும். பசித்த பிள்ளைகளுக்குச் சோறு போட்டது அது, நன்றி மறக்கக்கூடாது. அரிசியும் கோதுமையும் மைதாவும் பெரிய தானியமாக, கேழ்வரகு 'களி தின்கிறவன்' பண்டமாகக் கீழே போனது. இந்தியா கேட்டுக்கொண்டதன் பேரில் ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் அதே கேழ்வரகு பளபளப்புப் பாக்கெட்டில், மூன்று மடங்கு விலையில் திரும்பி வந்திருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரனின் ஓட்ஸ் நடந்த அதே பாதை.

நூறு கிராம் கேழ்வரகில் கால்சியம் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. ஓட்ஸ் அதற்குப் பக்கத்திலேயே வர முடியாது. ஓட்ஸின் வழவழப்பு நார் கேழ்வரகில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். இரண்டையும் சேர்த்துவிட்டால் சண்டையே இல்லை.

எங்கள் வீட்டில் செய்வது இப்படி: ஓட்ஸ் 100 கிராம், கேழ்வரகு மாவு 50, கோதுமை மாவு 50, நாட்டுச் சர்க்கரை 60, வெண்ணெய் 70, வறுத்துப் பொடித்த நிலக்கடலை 40, நாமக்கல் முட்டை ஒன்று, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு, கால் ஸ்பூன் சோடா உப்பு. கேழ்வரகு மாவை வாசம் வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து ஆற வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பச்சை வாடை அடிக்கும். ஓட்ஸுக்கும் கேழ்வரகுக்கும் கோதுமை மாதிரி இழுத்துப் பிடிக்கும் பசை கிடையாது. முட்டைதான் பிடித்து வைக்கும், முட்டை வேண்டாதவர்கள் இரண்டு கரண்டி தயிர் சேருங்கள். பிசைந்து அரை மணி நேரம் வைத்தால் ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொண்டு உதிராமல் நிற்கும். இருபது உருண்டை பிடித்து, தட்டி, 170 டிகிரியில் பதினைந்து நிமிடம். ஓவன் இல்லாதவர்கள் பழைய குக்கரில் ஒரு விரல்கடை கல் உப்புப் பரப்பி, வெயிட்டையும் கேஸ்கெட்டையும் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் காய வைத்து, உள்ளே ஒரு வளையத்தின் மேல் தட்டை வைத்து, சிறு தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம் வையுங்கள். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளாதீர்கள், ஆறினால் இறுகிவிடும்.

ஒன்றில் சர்க்கரை 3 கிராம், கலோரி தொண்ணூறுக்குப் பக்கம். பெங்களூர்க்காரருக்கு நான் சொன்னது: டீக்கு ஒன்று, அதுவும் டீயில் சர்க்கரை போடாமல். கொலஸ்ட்ராலுக்கு ஓட்ஸ் வேண்டுமென்றால் காலையில் மோர் ஊற்றிக் கஞ்சியாகக் குடியுங்கள், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள், மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைத் தாளை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "மார்க் ஷீட் கேக்கற மாதிரியே கேக்கறீங்க சார்" என்றார். ஆமாம், கேட்பேன்.

மற்றவர்களும் செய்து பார்த்து எழுதுங்கள். சாமை மாவில் செய்து உதிராமல் வந்தவர்கள் யாராவது இருந்தால் பக்குவத்தைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் கைகூடவில்லை.