துண்டின் எல்லை: காப்புநகல் மென்பொருளின் வரலாறு

கணினியின் கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்கும் காப்புநகல் முறையில், நேற்று சென்ற தரவே இன்றும் செல்வது பிணையத்துக்குப் பெருஞ்சுமை என்பதால், ஒரே உள்ளடக்கத்தை ஒரு முறை மட்டும் அனுப்பிச் சேமிக்கும் ‘இரட்டிப்பு நீக்கம்’ என்னும் நுட்பம் உருவாயிற்று. அதற்கு வழி திறந்த முன்னோடி, ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க் ஆகும். பெறும் கணினி தன்னிடமுள்ள பழைய கோப்பைச் சம அளவுத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் உள்ளடக்கத்தையும் சுருக்கிக் காட்டும் சரிபார்ப்பு எண்களை அனுப்ப, அனுப்பும் கணினி அவற்றைப் புதிய கோப்பில் பைட் பைட்டாக நகர்ந்து தேடி, பொருந்தாத பகுதியை மட்டும் அனுப்பும். எனினும், இந்தச் சிக்கனம் ஒரே கோப்பின் பழைய, புதிய வடிவங்களுக்கு இடையேதான் கிட்டியது. வெவ்வேறு கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் தரவை அது பொதுவாகக் கண்டுகொள்ளவில்லை.

எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவான துண்டுக் கிடங்கு ஒன்றை அமைப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. சம அளவில் வெட்டினால், கோப்பின் தொடக்கத்தில் ஓர் எழுத்தைச் சேர்த்தாலே பின்னுள்ள துண்டுகள் அனைத்தும் நகர்ந்து புதியனவாகிவிடும். 2001இல் வெளியான எல்பிஎஃப்எஸ் என்னும் ஆய்வுக் கோப்பு முறைமை இதற்கு அழகான தீர்வு கண்டது: 48 பைட் அகலமுள்ள சாளரம் ஒன்று கோப்பின் மீது நகர்ந்துசெல்ல, அதனுள் தெரியும் தரவின் கைரேகை எண்ணில் கடைசி 13 பிட்டுகள் முன்குறித்த மதிப்போடு ஒத்த இடத்தில் வெட்டு விழும். எல்லையை உள்ளடக்கமே தீர்மானிப்பதால், எழுத்தைச் சேர்த்த இடத்தை ஒட்டிய துண்டு மட்டுமே பொதுவாக மாறும். துண்டின் சராசரி அளவு ஏறத்தாழ 8 கிலோபைட்.

இக்கருத்தைத் திறந்த மூலக் காப்புநகலுக்குக் கொணர்ந்தவற்றுள் 2010இல் தோன்றிய பப், அட்டிக் என்னும் மென்பொருளிலிருந்து 2015இல் பிரிந்த போர்க், அலெக்சாண்டர் நியூமன் தொடங்கிய ரெஸ்டிக் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இவற்றுக்கு முந்தைய பேக்கப்பிசி, ஒத்த கோப்புகளைச் சேவையகத்தில் ஒருமுறை மட்டும் வைத்து வட்டின் இடத்தை மிச்சப்படுத்தியது. ஆனால் அதன் தொடக்கப் பதிப்புகளில், புதிதாகச் சேர்ந்த கணினியின் கோப்பு பிணையத்தைக் கடந்து வந்த பிறகே ஒப்பிடப்பட்டது. ஆகவே, பிணையச் சுமையைக் குறைக்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது, வெட்டுதலும் ஒப்பிடுதலும் மூலக் கணினியிலேயே நடக்கின்றனவா என்பதையே. போர்க்கிலும் ரெஸ்டிக்கிலும் அவை அங்கேயே முடிந்து, மறையாக்கமும் அங்கேயே நடந்த பிறகே தரவு வெளியேறுகிறது. பல கணினிகள் ஒரே கிடங்கைப் பகிரும் இடங்களுக்கு ரெஸ்டிக் பொருத்தமானது. ஏனெனில் போர்க்கில், வேறொரு கணினி எழுதிய பின் உள்ளூர்த் தற்காலிகச் சேமிப்பை மறுபடி இசைவிக்கும் வேலை நேரத்தைத் தின்னும்.

எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும், தரவுத்தளப் படியை வழக்கமான முறையில் ஜிசிப் கொண்டு சுருக்கிவிட்டுக் காப்புநகலுக்குக் கொடுத்தால், உள்ளே ஒரு வரி மாறினாலும் அதற்குப் பின்னுள்ள சுருக்கிய பைட்டுகள் பெரும்பாலும் மாறிவிடுவதால், ஒவ்வோர் இரவும் ஏறத்தாழ முழுக் கோப்பும் பிணையத்தில் பயணிக்க நேரும்.