எனமும் அரேயும்: கொஞ்சம் சரித்திரம்

மாஸ்டர்ஸ் படிக்கிற கையோட, ஜூனியர் பசங்க ஹோம்வொர்க் திருத்துற ஆணியும் இந்த செமஸ்டர் நம்ம தலையில. ஜாவாவுல ஆர்டரோட நிலையை எனமா எழுதுறாங்க: பதிவு, பேக்கிங், டெலிவரி. அப்புறம் ஆர்டினல்னு அதோட வரிசை எண்ணை எடுத்து, அதையே அரேக்கு இன்டெக்ஸா போடுறாங்க. பாதிப் பேர் இப்படித்தான். மார்க்கைக் குறைச்சுட்டுப் போயிடலாம். ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு மக்களே.

1970-ல நிக்லாஸ் விர்த்தோட பாஸ்கல்லயே இது ஒழுங்கா இருந்துச்சு. பேர்களை ஒரு டைப்பா அறிவிச்சு, அந்த டைப்பையே அரேக்கு இன்டெக்ஸா வெக்கலாம். பேருக்குப் பதிலா 2-ன்னு நம்பர் கொடுத்தா கம்பைலர் திட்டும். சி-யில வந்த எனம், இன்டீஜருக்கு வெச்ச பட்டப்பேர் மாதிரிதான். 42-ஐ இன்டெக்ஸா கொடுத்தாலும் வாயைத் திறக்காம பக்கத்து மெமரியில கை வைக்கும்.

ஜாவா 1995-ல வெளிவந்தப்போ அதுல எனமே கிடையாது. 2004-ல, ஜாவா 5-லதான் வந்துச்சு, கூடவே எனம்மேப்பும். ஆர்டினலை இன்டெக்ஸாக்காதே, எனம்மேப் போடுன்னு ஜோஷுவா ப்ளாக் 2008-ல 'எஃபெக்டிவ் ஜாவா' ரெண்டாம் பதிப்புல எழுதினார். நியாயம்தான். பதிவுக்கும் பேக்கிங்குக்கும் நடுவுல பேமென்ட்னு ஒண்ணைச் சேர்த்துட்டு, பழைய மூணு வரி அரேயை மறந்துட்டா? பேக்கிங்ல கிடக்கிற பார்சலுக்கு 'டெலிவரி ஆச்சு'ன்னு மெசேஜ் போகும். நிஜமாவே டெலிவரி ஆகும்போது ப்ரோக்ராம் படுத்துக்கும். (எனம்மேப்பைத் திறந்து பாருங்க, உள்ளே ஆர்டினலால ஓடுற அதே அரேதான் :-) )

எனக்கு ஆறாத விஷயம் வேற. ஜாவா வந்த அதே 1995-ல டெல்ஃபியும் வந்துச்சு. ஆப்ஜெக்ட், க்ளாஸ் எல்லாம் உண்டு, பாஸ்கலோட இன்டெக்ஸும் உண்டு. எனத்துல நாலு பேர், அரே மாறிலியில மூணு வரின்னா கம்பைலே ஆகாது. அதைக் கட்டினவர் ஆண்டர்ஸ் ஹேல்ஸ்பெர்க். 1996-ல மைக்ரோசாஃப்ட்டுக்குப் போய், பிறகு சி ஷார்ப்பை வடிவமைச்சார். அதுல எனத்தை இன்ட்டா மாத்தாம அரேக்குள்ள நுழைய முடியாது. தெரியாதவர் விட்டிருந்தா பரவாயில்ல, இவர் கையில இருந்ததையே விட்டுட்டு வந்தவர்!

அவரை மட்டும் சொல்லி என்ன? விர்த்தே 1988-ல ஓபரான் மொழியிலிருந்து எனத்தைத் தூக்கிட்டார். ஒரு மாட்யூல்ல எழுதின பட்டியலை இன்னொரு மாட்யூல்ல நீட்ட முடியலன்னு காரணம் சொன்னார். நீட்ட முடியாததுதானே அதோட அழகுன்னு எனக்குத் தோணுது. டெல்ஃபியில ஆணி புடுங்கின அண்ணன்கள் யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல வந்து சண்டை போடுங்க.