தேராவின் முத்தும் இன்றைய சிப்பும்

எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. வேலை துபாயின் தேராவில், பனியாஸ் சதுக்கத்தை ஒட்டிய கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில். 2023 அக்டோபரில், என்விடியாவின் எச்100 போன்ற உயர்ரக சிப்புகளை அமீரகத்துக்கு அனுப்பவும் உரிமம் வேண்டும் என்றது அமெரிக்கா. சீனாவுக்குக் கைமாறிவிடுமோ என்ற பயம். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு முத்துதான் நினைவுக்கு வரும்.

எங்கள் கடையிலிருந்து நடந்தே போகலாம் அல் ராஸுக்கு. அங்கே அஹ்மதியா பள்ளி 1912இல் முத்து வணிகர் அஹ்மத் பின் தல்மூக் குடும்பத்துப் பணத்தில் எழுந்தது. பவளக்கல்லும் ஜிப்சமும் கொண்ட அந்தச் சுவர்களுக்குப் பின்னால் எத்தனையோ பேருடைய மூச்சு இருக்கிறது. மூக்கை ‘ஃபிதாம்’ என்ற கவ்வியால் இறுக்கி, காலில் கல்லோடு கடலுக்குள் இறங்குவார் குளியாளி. கூடையில் சிப்பியை அள்ளிக் கயிற்றை அசைத்தால், மேலே இருப்பவர் இழுப்பார். குளியாளிகளில் பலர் கடனிலேயே வாழ்ந்தவர்கள்.

அவர்கள் குளித்த முத்துப்பார்களைப் பிரிட்டிஷார் பூட்டியே வைத்திருந்தார்கள். தங்கள் சம்மதமில்லாமல் வெளியாருக்கு முத்துக்குளிக்கும் உரிமை தரமாட்டோம் என்று 1911இல் இங்குள்ள ஷேக்குகளிடம் எழுதி வாங்கினார்கள். பூட்டை யாரும் உடைக்கவில்லை. உடைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி 1893இலேயே சிப்பிக்குள் அரைக்கோள முத்தை விளைவித்துவிட்டார். 1920களில் உருண்டை முத்தே லண்டனுக்கும் பாரிசுக்கும் வந்து இறங்கியது. போலி என்று வியாபாரிகள் கூச்சலிட்டும் பயனில்லை. 1929இன் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ள, வளைகுடாவின் முத்துத் தொழில் படுத்துவிட்டது.

முத்தில் ஜெயித்த ஜப்பானும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதே வழிக்குத்தான் போனது. வெளிநாட்டில் பண்ணை வைக்கும் ஜப்பானியர்கள் நுட்பத்தை வெளியே சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. அப்படியும் 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சுவாமி உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினார். இன்று சிப்பிலும் இதுதான் நடக்கிறது. அமெரிக்கத் தடைகளுக்கு நடுவே 2023இல் ஹுவாவே, சீனாவிலேயே செய்த 7 நானோமீட்டர் சிப்போடு போனை இறக்கியது. தடையால் எதிராளியைத் தாமதப்படுத்தலாம், அதற்கு மேல் ஒன்றும் முடியாது என்பதே என் முடிவு.

அழகர்சுவாமியின் சாதனை ஜப்பானுக்கு ஈடான தொழிலாக நம் கரையில் வளரவில்லை. அது எனக்கு ஆறாத வருத்தம். இப்போது குஜராத்தின் தோலேராவில் தைவானின் பவர்சிப்போடு சேர்ந்து டாடா சிப் ஆலை கட்டுகிறது. ஆலையைத் திறந்ததோடு நிறுத்திவிடாமல், நுட்பத்தை நம் பிள்ளைகள் கையில் சேர்க்கும் வரை அரசு விடக் கூடாது.