அம்மைப்பால் முதல் கொரோனா ஊசி வரை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் இருப்புப்பாதை 1979-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை என்று நிலையங்கள் அப்பாதையில் வரிசையாய் வரும். பாறசாலையை விட்டு வண்டி தெற்கே நகர்ந்த சில நிமிடங்களில் தமிழ்நாட்டின் எல்லை வந்துவிடும். வண்டிக்கு இந்த எல்லை தெரியாது. ஆனால் ஊர்களுக்கு நன்றாகத் தெரியும். 1956 நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டுமென்று கேட்கப்பட்ட வட்டங்களுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்று முதல் பாறசாலை, செங்கல், காரோடு, வெள்ளறடை முதலிய ஊர்களில் அண்ணன் ஒரு மாநிலத்தான், தம்பி மற்றொரு மாநிலத்தான் என்ற நிலை ஏற்பட்டது. ஒரே வீட்டில் மலையாளச் செய்தித்தாளும் வரும், தமிழ்த் தொலைக்காட்சியும் ஓடும். இவ்வூர்களில் அச்சமும் இரண்டு மொழிகளில் வருவதை யாம் கண்டிருக்கிறோம். அதனைப் பற்றியதே இக்கட்டுரை.

இன்று ஊசி என்றால் கொரோனா ஊசியே எல்லார் நினைவிலும் வருகிறது. ஆனால் இந்த மண்ணில் ஊசிக்கும் ஐயத்திற்கும் உள்ள தொடர்பு இருநூறு ஆண்டுப் பழமை உடையது. இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்னும் மருத்துவர் 1796-ஆம் ஆண்டில் பசுவம்மைப் பாலைச் சிறுவன் ஒருவனின் கையில் கீறி வைத்து, பெரியம்மையைத் தடுக்கலாம் எனக் காட்டினார். 1802-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு அம்மைப்பால் வைக்கப்பட்டது. இந்தியாவில் இதுவே முதலாவது. பின்னர்த் திருவிதாங்கூரில் இராணி கௌரி இலட்சுமிபாயின் ஆட்சியில் (1810–1815) அம்மை குத்துதல் அரசின் ஏற்பாடாயிற்று. அப்போது பிரிட்டிஷ் ரெசிடெண்டாகவும், சில ஆண்டுகள் திவானாகவும் இருந்தவர் கர்னல் மன்றோ. குடிமக்கள் அஞ்சினார்கள் என்பதால் அரச குடும்பத்தாரே முதலில் குத்திக்கொண்டனர் என வரலாறு கூறும். அரண்மனையின் கையைப் பார்த்த பிறகுதான் குடிசையின் கை நீண்டது.

அன்றைய மக்கள் எதற்கு அஞ்சினார்கள்? அறியாமையினால் அஞ்சினார்கள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. பலர் அவ்வாறே எழுதியிருக்கிறார்கள். யாம் அதற்கு உடன்படவில்லை. அக்காலத்தில் குப்பியில் மருந்து வரவில்லை. ஒரு குழந்தைக்கு அம்மைப்பால் வைத்து, எட்டாம் நாள் அந்தக் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள். இவ்வாறு கைக்குக் கை அது பயணம் செய்யும். தீண்டாமை மட்டுமன்று, காணாமையும் நிலவிய திருவிதாங்கூரில், யாருடைய குழந்தையின் கொப்புளம் யாருடைய குழந்தையின் இரத்தத்தில் கலப்பது என்ற கேள்வி எழாமல் இருக்குமா? அந்தக் கேள்வி சாதியின் கேடு, அதில் ஐயமில்லை. ஆனால் அதனுள்ளே மறைந்திருந்த மற்றொரு கேள்வி மருத்துவத்தின் கேள்வி. ஒரு பிள்ளையின் நோய் மற்றப் பிள்ளைக்கு வாராதா? வரும் என்பதை 1861-ஆம் ஆண்டில் இத்தாலியின் ரிவால்தா என்னும் ஊர் காட்டிற்று. அங்கே கைக்குக் கை வைத்த அம்மைப்பாலின் வழியே பல குழந்தைகளுக்கு மேகநோய் பரவியது. அதன் பிறகே கன்றுக்குட்டியிலிருந்து நேரே எடுக்கும் பாலுக்கு மருத்துவ உலகம் மெல்ல மெல்ல மாறியது. சென்னைக் கிண்டியில் 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கிங் நிலையம் இந்தப் பாலைத் தயாரிப்பதற்கென்றே தொடங்கியது. குழந்தையை ஒளித்து வைத்த தாய் காரணத்தைத் தவறாகச் சொல்லியிருக்கலாம். அவளுடைய அச்சம் முழுவதும் பொய்யன்று.

அம்மையோ தெய்வத்தின் வரவு. ‘முத்து போட்டிருக்கிறது’ என்று சொல்லி வேப்பிலை செருகும் வீட்டில், வருவதற்கு முன்பே அவளைத் தடுத்தால் கோபிப்பாளோ என்பது வேறோர் அச்சம். சென்னையில் இருந்த எல்லீசு துரை இதனை உணர்ந்தவர். சக்திக்கும் தன்வந்திரிக்கும் இடையே நிகழ்ந்த உரையாடல் போல ஒரு நூலைத் தமிழில் இயற்றி, பசுவம்மை தெய்வத்திற்கு உடன்பாடே என்று மக்களை நம்பவைக்க முயன்றார். எண்ணம் நல்லதே. ஆயினும் நல்ல செய்தியைச் சொல்லப் புனைந்த கதையைத் துணைக்கு அழைக்கலாமா என்பது எமக்கு இன்றளவும் உறுத்தும் வினா.

திருவிதாங்கூர் அரசு பின்னர் வேறு வழியை நாடியது. 1879-ஆம் ஆண்டு அறிக்கை அரசு ஊழியர், பள்ளி மாணவர், சிறையாளர் ஆகியோர் அம்மை குத்திக்கொள்வதைக் கட்டாயமாக்கிற்று. சம்பளமும் படிப்பும் வேண்டுமென்றால் தழும்பு வேண்டும். எம்மைப் போன்ற எழுத்தர் வர்க்கம் முதலில் பிடிபட்டதில் வியப்பில்லை. எழுத்தனுக்குக் கையெழுத்தோடு கைத்தழும்பும் தகுதியாயிற்று. பயன் இல்லாமல் இல்லை. 1975 மே மாதத்தில் அசாமின் கரீம்கஞ்சில் காணப்பட்டதே இந்தியாவின் கடைசிப் பெரியம்மை. 1980 மே 8-ஆம் நாள் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் பாட்டிமார் கையில் காசளவு வட்டமாக இருந்த தழும்பு இந்தப் போரின் முத்திரை.

ஆனால் ஊசியை எதிர்த்தவர் எல்லாரும் படியாதவர் என எண்ணிவிடல் ஆகாது. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி நாடெங்கும் போடப்பட்டபோது 1955-ஆம் ஆண்டில் அதனை வெளிப்படையாக எதிர்த்தவர் மூதறிஞர் இராஜாஜி. உயிருள்ள கிருமியை நலமாயிருக்கும் பிள்ளைகளின் உடலிற் செலுத்தலாமா, பெற்றோருக்கு எல்லாம் எடுத்துரைக்கப்பட்டதா என்பன போன்ற கேள்விகளை எழுப்பினார். அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் இராஜகுமாரி அம்ருத கௌர் ஊசியை ஆதரித்து நின்றார். முடிவு யாது? அவ்வூசி பெருந்தீங்கு விளைக்கும் என்ற அச்சம் மெய்ப்படவில்லை. இன்றும் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படுகிறது, குழந்தைகளின் கடுங்காசநோயைத் தடுக்கிறது. ஆயினும் 1968-இல் செங்கற்பட்டில் தொடங்கிய பெருஞ்சோதனை, வளர்ந்தோரின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை எனக் காட்டியது. இரு பக்கத்தாரும் முழுதும் வென்றாரில்லை.

அச்சத்திற்கு உண்மையான அடித்தளம் அமைந்த நாளும் உண்டு. 2008 ஏப்ரல் மாதத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட குழந்தைகள் நால்வர் மாண்டனர். அதன் பின் தமிழ்நாட்டு அரசு ஊர்ப்புறத்தில் ஊசி போடும் வழக்கத்தை நிறுத்தி, மருத்துவர் உள்ள நிலையங்களுக்கு மாற்றிற்று. இந்த நினைவு ஆறாத நிலையில்தான் 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசித் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது. கைப்பேசிச் செய்திகள் பள்ளிக்கு முன்பே வீட்டை அடைந்தன. குறித்த நாட்களில் முடியாமல் திட்டம் நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கேரளத்தில் தொடங்கியபோதும் எதிர்ப்பு இருந்தது. எல்லையூரார் அதே கதையை முதலில் தமிழிலும் பிறகு மலையாளத்திலும் கேட்டனர்.

நிற்க. இனிக் கொரோனாவுக்கு வருவோம்.

2021 ஜனவரி 16, காணும் பொங்கல் நாள். அன்று நாடெங்கும் ஊசித் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். கேரளத்தில் 133 மையங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 11. பிரதமரின் நிகழ்ச்சியோடு இருவழித் தொடர்பு கொள்ளும் ஏற்பாடு மாநிலத்தில் இரண்டே இடங்களில் செய்யப்பட்டது. ஒன்று எர்ணாகுளம், மற்றொன்று நம் பாறசாலை வட்ட மருத்துவமனை! எல்லையோரச் சிற்றூர் அன்று ஒருநாள் நாட்டின் முன்றிலில் நின்றது.

முதலில் மருத்துவப் பணியாளர்க்கே ஊசி. மையம் ஒன்றுக்கு நூறு பேர் என்பது கணக்கு. ஆனால் அன்று கேரளம் முழுவதும் போட்டுக்கொண்டவர் 8,062 பேர். கணினிப் பதிவின் சிக்கல் ஒருபுறம் இருக்க, நாடெங்கும் மருத்துவத் துறையினரிடையேகூடத் தயக்கம் இருந்தது. மூன்றாங்கட்டச் சோதனையின் முடிவு வருவதற்கு முன்பே கோவாக்சினுக்கு ஒப்புதல் கிடைத்தது; அதனைப் போட்டுக்கொள்வோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. ‘கையெழுத்து எதற்கு?’ என்ற ஒரு கேள்வியே பலரைத் திரும்பச் செய்தது. அரை மில்லி மருந்து, அதன்பின் அரைமணி நேரம் நாற்காலியில் காத்திருத்தல். இந்த அரைமணியைச் சடங்கென்று பலர் எண்ணினர். அது சடங்கன்று. ஊசியால் ஏற்படும் கடும் ஒவ்வாமை, பெரும்பாலும் அந்த நேரத்திற்குள் தோன்றும்; தோன்றினால் கையருகே மருந்திருக்க வேண்டும். அவ்வாறான ஒவ்வாமையால் முதியவர் ஒருவர் இறந்ததைத் தேசியக் குழு ஆராய்ந்து, ஊசியோடு தொடர்புடையதென ஒப்புக்கொண்ட செய்தி 2021 ஜூனில் வெளியாயிற்று. ஒப்புக்கொண்டது நன்று என்பது எம் கருத்து.

ஏப்ரல் மாதம் தமிழ்மொழியின் வழியே பேரச்சம் எல்லையைக் கடந்தது. நடிகர் விவேக் அவர்கள் 15-ஆம் நாள் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் பிறருக்கு ஊக்கம் தரும் பொருட்டு ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் நாள் மாரடைப்பால் மறைந்தார். தொடர்பில்லை என்று அரசு உடனே கூறியது. பின்னர், அக்டோபரில், மத்திய அரசின் ஆய்வும் அதையே கூறிற்று. ஆனால் இடையே கழிந்தவை ஆறு மாதங்கள். வதந்தி ஆறு மணி நேரம்கூடக் காத்திருப்பதில்லை. பாறசாலைக்கு அருகே வாழும் எம் சிற்றன்னையார் அறுபதைக் கடந்தவர். சர்க்கரை நோயும் உண்டு. முன்பதிவு செய்திருந்த நாளில் ‘எனக்கு வேண்டாம் மக்களே, அந்தப் பிள்ளையே போயிட்டானே’ என்று படுக்கையை விட்டு எழ மறுத்தார். அவர் நேசித்த ஒருவரின் மரணம் அது. எண்களைக் காட்டி அத்துயரைப் போக்க எம்மால் இயலவில்லை.

அதே வேளையில் ஐரோப்பாவிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. கோவிஷீல்டும் அங்கு வழங்கிய ஆஸ்ட்ராசெனகா ஊசியும் ஒன்றே. இரத்தத் தட்டணுக்கள் குறைந்து குருதி உறையும் அரிய நோய்க்கும் அவ்வூசிக்கும் தொடர்பு இருக்கலாம் என ஏப்ரல் 7-இல் ஐரோப்பிய மருந்து முகமை கூறிற்று. மே 17-இல் இந்தியக் குழு, தான் ஆராய்ந்த 498 கடும் நிகழ்வுகளுள் 26 குருதி உறைதலாக இருக்கக்கூடும் என்றும், இது பத்து லட்சம் ஊசிக்கு 0.61 என்றும் அறிவித்தது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கால்வீக்கம், தீராத தலைவலி ஆகியன இருபது நாட்களுக்குள் கண்டால் மருத்துவரிடம் செல்லுமாறும் அறிவுறுத்தியது. இவ்வறிவுரை எத்தனை வீடுகளுக்குச் சென்றது? யாம் கண்ட ஒரு மையத்தில், ‘காய்ச்சல் வரும், மாத்திரை போடுங்கள்’ என்பதற்கு மேல் ஒரு சொல் கூறப்படவில்லை. செவிலியரைக் குறை சொல்லவில்லை. அவர் முன்னே வரிசை வாயிலைத் தாண்டி நின்றது.

ஆம், வரிசை! அஞ்சி ஒதுங்கிய மக்களே மே மாதத்தில் முண்டியடித்தனர். இரண்டாம் அலையில் ஒவ்வொரு தெருவிலும் இழவு விழுந்தபோது அச்சம் பக்கம் மாறிற்று. ஊசியோ கிடைக்கவில்லை. அப்போது கேரளச் செவிலியர் செய்த செயல் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. மத்திய அரசிடமிருந்து பெற்றவை 73,38,806 ஊசிகள். போட்டவை 74,26,164 என மே தொடக்கத்தில் மாநில அரசு கணக்குக் காட்டியது. பத்துப் பேருக்குரிய குப்பியில் வீணாவதற்கென விடும் துளிகளையும் சேர்த்துப் பதினோராம் கையைக் கண்டார்கள். சிற்றன்னையார் ஜூலையில் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் காய்ச்சல், கைவலி, வேறொன்றுமில்லை.

பிறகு வந்தது சான்றிதழ். 2021 ஆகஸ்ட் 5 முதல், கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் வருவோர் நோயில்லை என்ற சோதனைச் சீட்டாவது, இரண்டு ஊசிகள் போட்ட சான்றாவது காட்ட வேண்டும் என்று தமிழ்நாடு அறிவித்தது. தொலைவிலுள்ளோர்க்கு இது பயண விதி. பாறசாலைக்காரருக்கோ களியக்காவிளைச் சந்தைக்குப் போகும் விதி. மகளைக் கொடுத்த வீட்டுக்குப் போகும் விதி. கோவிஷீல்டின் இரு ஊசிகளுக்கு இடையே 12 முதல் 16 வாரம் என மே மாதத்திலேயே இடைவெளி நீட்டப்பட்டதால், மனமுவந்து போட்டவனும் இரண்டாவதற்குக் காத்திருந்தான். 1879-இல் தழும்பு செய்த வேலையை இப்போது கைப்பேசியிலுள்ள தாள் செய்தது.

எவரையும் ஊசி போட்டுக்கொள்ளுமாறு வற்புறுத்தலாகாது என்றும், ஊசிக்குப் பின் நேரும் தீங்குகளின் விவரத்தைத் தனியாரின் அந்தரங்கம் கெடாமல் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் 2022 மே 2-ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஊசித் திட்டம் பிழையென்று அது கூறவில்லை. தீர்ப்பின் முதற்பாதியைப் பலர் மேற்கோள் காட்டக் கேட்டோம். பின்பாதியைக் காட்டியவர் சிலரே. எல்லையூராருக்கு வேண்டியது பின்பாதி என்பது எம் துணிபு.

2024 ஏப்ரலில், அந்த அரிய குருதி உறைதல் நேரக்கூடும் என இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஆஸ்ட்ராசெனகா நிறுவனம் ஒப்புக்கொண்டது என்ற செய்தி பரவியது. மறைக்கப்பட்ட மர்மம் வெளிப்பட்டாற்போல் இரு மொழித் தொலைக்காட்சிகளும் முழங்கின. மூன்றாண்டுகளுக்கு முன்பே மருந்து முகமைகள் கூறிய செய்திதான் அது. அன்றிரவே சிற்றன்னையாரிடமிருந்து தொலைபேசி வந்தது. ‘உடம்புக்குள்ளே போனது இனி என்ன செய்யும்?’ என்று கேட்டார். ஊசிக்குப் பின் சில வாரங்களுக்குள் தோன்றக்கூடியது அந்நோய், ஆண்டுகள் கழித்து வருவதன்று என்று விளக்கினோம். ‘இதை அன்னிக்கே ஒருத்தர் சொல்லியிருக்கலாமே மக்களே’ என்றார்.