எரிபொருள் பாதை அறுந்தால்: மேட்டூர் அனல் மின் நிலையமும் டெல்டா அரிசி ஆலையும்

தண்ணீருக்காக மட்டும் காவிரி டெல்டா மேட்டூரை எதிர்பார்த்திருப்பதில்லை. அணை திறக்கத் தாமதமாகும் ஆண்டுகளில் குறுவை நெல் பிழைப்பது நிலத்தடி நீரை இறைக்கும் ஃபில்டர் பாயிண்ட் மோட்டாரால். அந்த மோட்டார் ஓடுவது மும்முனை மின்சாரத்தால். 2012இல் இரண்டுக்கும் சேர்ந்து தட்டுப்பாடு வந்தது. வழக்கமாக ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை அந்த ஆண்டு செப்டம்பர் 17இல்தான் திறக்கப்பட்டது. குறுவையைக் காப்பாற்ற அரசு அறிவித்த தொகுப்பில் டெல்டாவுக்கு 12 மணி நேர மும்முனை மின்சாரம் முக்கியமான அம்சமாக இருந்தது. மாநிலமோ கடும் மின்வெட்டில் தவித்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில்தான் மேட்டூர் அனல் மின் நிலையத்தில் நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயரில் பெருந்தீ பிடித்து, 840 மெகாவாட் நிலையத்தின் உற்பத்தி முடங்கியது. எரிந்தது பாய்லரும் அல்ல, டர்பைனும் அல்ல. பாய்லருக்கு நிலக்கரி போகும் பாதை.

இதே சிக்கல் சிறிய அளவில் தஞ்சை, திருவாரூர், மன்னார்குடிப் பக்கத்துப் புழுங்கல் அரிசி ஆலைகளிலும் உண்டு. அங்கே எரிபொருள் உமி. ப்ளோயர் நின்றாலோ எலிவேட்டர் பெல்ட் அறுந்தாலோ பாய்லருக்கு உமி போகாது. ஆனாலும் அந்த ஆலையின் அடுப்பு பெரும்பாலும் அணைவதில்லை. திட எரிபொருளை எரித்து நீராவி எடுக்கும் இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாற்று ஏற்பாடு என்பதை எதை வைத்து மதிப்பிட வேண்டும் என்பது தெளிவாகும்.

இரண்டு பாதைகள்

மேட்டூர் நிலையத்தின் முதல் பகுதியில் தலா 210 மெகாவாட் திறனுள்ள நான்கு அலகுகள் 1987க்கும் 1990க்கும் இடையில் இயங்கத் தொடங்கின. 600 மெகாவாட் அலகு 2013இல் சேர்ந்தது. கடலிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் தொலைவில் இருக்கும் நிலையம் இது. ஒடிசா நிலக்கரி கப்பலில் வந்து இறங்கி, ரயிலில் மேட்டூர் சேர வேண்டும். வேகன் டிப்ளர் ஒவ்வொரு வேகனையும் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்க்கிறது. கிரஷரில் உடைந்த நிலக்கரி பெல்ட் ஏறி, ஒன்று யார்டுக்குப் போகிறது அல்லது நேராகப் பாய்லர் தலைமேல் இருக்கும் பங்கருக்குப் போகிறது. பங்கரிலிருந்து ஃபீடர் வழியாக மில்லுக்கு இறங்கி, முகப்பவுடர் போல நைஸாக அரைபட்டு, சூடான காற்றோடு கலந்து அடுப்புக்குள் ஊதப்படுகிறது. தரத்தைப் பொறுத்து ஒரு 210 மெகாவாட் அலகு மணிக்கு 130 முதல் 150 டன் நிலக்கரி எரிக்கும். நிமிடத்துக்கு இரண்டு டன்னுக்கு மேல்.

அரிசி ஆலையின் பாதை குட்டையானது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமி நீக்கும் இயந்திரத்திலிருந்து வரும் உமியை ப்ளோயர் குழாய் வழியாக உறிஞ்சித் தள்ளும், அல்லது எலிவேட்டர் தூக்கிப் போகும். அது பாய்லர் முன்னால் இருக்கும் தொட்டியில் விழுந்து அடுப்புக்குள் இறங்கும். பழைய அடுப்புகளில் உள்ளே படிக்கட்டு மாதிரி சரிந்த இரும்புத் தட்டுகள் இருக்கும். உமி தன் எடையிலேயே படி படியாகச் சரிந்து எரியும். ஃபயர்மேன் நீண்ட கம்பியால் குத்திக் கிளறி, கட்டிநிற்கும் சாம்பலைத் தள்ளிவிடுவார். மணிக்கு ஒரு டன் நீராவி தரும் பாய்லருக்கு ஏறத்தாழ 300 கிலோ உமி போதும்.

இந்த ஆலைகளின் தொழில்நுட்பத்துக்கும் டெல்டாவுக்கும் பழைய உறவு உண்டு. 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வுக்கூடமாகத் தொடங்கியதுதான் பின்னர் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகி, தஞ்சாவூருக்கு இடம் மாறி, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது.

எங்கே, எதனால் நிற்கும்?

மழை இரண்டு இடத்துக்கும் பொது எதிரி. நனைந்த நிலக்கரி சரிவுக் குழாயில் அப்பிக்கொண்டு அடைக்கும். பங்கருக்குள் பாலம் கட்டியதுபோல் நின்றுவிடும். நனைந்த உமியும் தொட்டியில் இறங்காமல் நிற்கும், எரிந்தாலும் புகையும்.

மற்றபடி நோய்கள் வேறு வேறு. மின் நிலையத்தில் பெல்ட் கிழியும், ரோலர் இறுகிச் சூடேறும், நிலக்கரித் தூள் படிந்த இடத்தில் தீ பிடிக்கும், யார்டிலிருந்து நிலக்கரியை அள்ளும் ரீக்ளைமர் பழுதாகும். ஆலையில் மிகுதியும் நடப்பது மின்வெட்டு; மின்சாரம் போனால் ப்ளோயர் போயிற்று.

அவகாசமும் வேறு. மின் நிலையத்தின் பங்கரில் பொதுவாக அரை நாள் அளவுக்கு நிலக்கரி இருக்கும். அது தீருவதற்குள் பாதையைச் சரிசெய்தாக வேண்டும். ஆலையின் தொட்டியில் இருக்கும் உமி சிறிது நேரத்திலேயே தீர்ந்துவிடும். ஊறல் தொட்டியில் நெல் ஏறத்தாழ 70 டிகிரி வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊற வேண்டும். நடுவில் நீராவி நின்று தண்ணீர் ஆறிப்போனால் நெல் புளித்து வாடை ஏறும். அந்த அரிசியைச் சோறாக்கினாலும் வாடை போகாது.

மாற்று ஏற்பாடுகள்

மின் நிலையம் நான்கு அடுக்காகத் தன்னைக் காத்துக்கொள்கிறது. முதலாவது, இரட்டைப் பெல்ட். ஒன்று ஓடும்போது மற்றது தயாராக நிற்கும். சந்திப்பு இடங்களில் கதவைத் திருப்பி ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு நிலக்கரியை மாற்றலாம். இரண்டாவது, கூடுதல் மில். 210 மெகாவாட் அலகில் பொதுவாக ஆறு மில் இருக்கும். நான்கு ஐந்து ஓடினாலே முழுச் சுமை கிடைக்கும். மூன்றாவது, யார்டில் இருக்கும் அவசர ஹாப்பர். ரீக்ளைமர் நின்றுவிட்டால் புல்டோசர் நிலக்கரிக் குவியலைத் தள்ளிக்கொண்டு வந்து, தரைமட்டத்தில் இரும்புக் கம்பிச் சட்டம் போட்ட குழிக்குள் இறக்கும். பெரிய கட்டிகள் சட்டத்தில் நிற்கும். அவற்றை உடைத்துத் தள்ள வேண்டும். குழிக்கு அடியில் ஓடும் பெல்ட் அதை ஏற்றிக்கொள்ளும். நான்காவது, எண்ணெய். பாய்லரைப் பற்றவைக்கவும், தழல் தடுமாறும்போது தாங்கவும் எண்ணெய் பர்னர்கள் உண்டு. நிலக்கரி குறைந்தால் சிறிது நேரம் இவை கைகொடுக்கும். முழுச் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாங்காது, செலவும் கடுமை.

ஆலையின் மாற்று ஏற்பாடு ஒன்றே ஒன்று: அடுப்பு வாயும் கூடையும் ஆளும். உமிக் கிடங்கிலிருந்து கூடையில் அள்ளி, அடுப்புக் கதவைத் திறந்து, உள்ளே வீசுவது. ஒரு கூடை ஐந்தாறு கிலோ பிடிக்கும் என்றால் மணிக்கு 50, 60 கூடை. இரண்டு ஆள் மாற்றி மாற்றிச் செய்தால் நடக்கிற வேலைதான். படிக்கட்டு அடுப்பும் உயரமான புகைபோக்கியும் இருந்தால் காற்று தானாக இழுபடும், அதற்கு மின்சாரம் தேவையில்லை. காற்றை ஊதி எரிக்கும் புதிய அடுப்பு எரிபொருளை மிச்சப்படுத்தும், புகையும் குறைவு. ஆனால் மின்சாரம் போனால் பழைய அடுப்பைப் போல் தாக்குப்பிடிக்காது.

எடை போட்டுப் பார்த்தால்

அளவை மட்டும் பார்த்தால் இந்த ஒப்பீடே கூடாது என்று தோன்றும். நிமிடத்துக்கு இரண்டு டன்னை எந்த ஆளும் கூடையில் அள்ளிப் போட முடியாது. அப்படியே போட்டாலும் கட்டி நிலக்கரியை அந்தப் பாய்லர் ஏற்காது. தூளாக்கி ஊதினால்தான் எரியும். ஆகவே ஆலையின் வழியை மேட்டூரில் பின்பற்றச் சொல்வது அறியாமை.

பார்க்க வேண்டியது வேறொன்று: மாற்று வழி எந்த இடத்தில் பழைய வழியோடு போய்ச் சேர்கிறது? ஆலையில் கூடை சேருமிடம் அடுப்பு வாய். ப்ளோயர், எலிவேட்டர், குழாய், தொட்டி, எது கெட்டாலும் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி இடத்தில் எரிபொருள் போய் விழுகிறது. கெட்டுப்போன எந்த உறுப்பையும் அது நம்பியிருக்கவில்லை.

மின் நிலையத்தில் புல்டோசர் வழி சேருமிடம் யார்டின் அடிப் பெல்ட். அதற்குப் பிறகு பங்கர் வரைக்கும் பழைய பாதையேதான். ரீக்ளைமர் கெட்டால் அவசர ஹாப்பர் அருமருந்து. மேலே பெல்ட் எரிந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. இரட்டைப் பெல்ட்டுக்கும் இதே குறை உண்டு. ரோலர் இறுகினாலோ மோட்டார் கருகினாலோ பக்கத்துப் பெல்ட் காப்பாற்றும். ஆனால் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ், ஒரே பாலத்தின் மேல், கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகின்றன. தீ வந்தால் அது இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கும். எண்ணிக்கையில் இரண்டு, ஆபத்தில் ஒன்று. 2012 மே மாதத் தீ கற்றுக்கொடுத்த பாடத்தை நான் இப்படித்தான் படிக்கிறேன்.

மின் நிலையத்தில் அடுப்பு வாய்க்கு இணையானது எண்ணெய் பர்னர் ஒன்றுதான். நிலக்கரிப் பாதையை நம்பாமல் கடைசி இடத்தில் சேருவது அது. ஆனால் அது பழுது பார்க்க அவகாசம் வாங்கித் தருமே தவிர, நாட்கணக்கில் நிலையத்தை ஓட்டாது.

இருப்பைப் பற்றியும் ஒரு சொல். சுரங்கத்திலிருந்து தொலைவில் உள்ள நிலையங்கள் 20 முதல் 26 நாள் நிலக்கரி இருப்பு வைக்க வேண்டும் என்று 2021இல் மத்திய மின்சார ஆணையம் வரையறுத்தது. நல்ல விதிதான். ஆனால் அது ரயில் வராத நாளுக்கான காப்பு. பெல்ட் ஓடாத நாளுக்கான காப்பு அல்ல. நிலக்கரி நெருக்கடி என்றதும் எல்லாரும் இருப்பு நாட்களை எண்ணுகிறோம். யார்டிலிருந்து பங்கர் வரையுள்ள பாதையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஆள் என்னும் கடைசி அரண்

இரண்டு இடத்திலும் இயந்திரம் கைவிட்டால் முன்னால் போய் நிற்பவர் தொழிலாளி. ஆலையில் அடுப்புக் கதவைத் திறக்கும்போது உள்ளே காற்று அழுத்தம் இருந்தால் தழல் வெளியே பாயும். ஊதும் காற்றை நிறுத்தி, புகைபோக்கித் தடுப்பைத் திறந்த பிறகே கதவைத் தொட வேண்டும். பழகிய ஃபயர்மேனுக்கு இது கை வழக்கம். அவசரத்துக்குக் கூப்பிட்டு நிறுத்திய ஆளுக்கு இது தெரியாது.

மேட்டூரில் விலை இன்னும் கடுமையாக இருந்திருக்கிறது. 2024 டிசம்பர் 19 அன்று 840 மெகாவாட் நிலையத்தில் நிலக்கரிப் பங்கர் சரிந்து விழுந்ததில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருவர் உயிரிழந்தனர். மேலும் சிலர் காயமடைந்தனர். எரிபொருள் பாதையின் பழுதை மெகாவாட் கணக்கில் மட்டும் எழுதிவைக்கும் பழக்கம் எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தீர்ப்பு

கொள்ளளவில் மின் நிலையத்தின் ஏற்பாடு பெரியது. சுதந்திரத்தில் அரிசி ஆலையின் ஏற்பாடு உறுதியானது. ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது. ஆனால் ஆலையின் விதியை நிலையம் எடுத்துக்கொள்ளலாம்: மாற்று வழி, கெட்டுப்போகக்கூடிய உறுப்புகளை எவ்வளவு தூரம் தாண்டிச் சேர்கிறதோ அவ்வளவுக்கு அது மாற்று வழி.

அந்த விதிப்படி செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. இரண்டு பெல்ட்டுக்கும் நடுவே தீத்தடுப்புச் சுவர், பெல்ட் முழு நீளத்துக்கும் தண்ணீர் தெளிப்பான், தூள் படியாமல் அன்றாடச் சுத்தம், ஒரு பெல்ட் பாலம் விழுந்தால் மற்றது நிற்கும்படி தனித்தனித் தாங்கிகள். புதிதாகக் கட்டும் நிலையங்களில் இரண்டு பெல்ட்டையும் தனித்தனிப் பாதையில் கொண்டுபோவது. அவசர ஹாப்பரை நல்ல நாளிலேயே ஓட்டிப் பார்ப்பது. மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையாவது. பங்கர்களின் இரும்புத் தகட்டைக் குறித்த காலத்தில் சோதிப்பது. ஆலைக்காரர்களுக்கும் கடமை உண்டு: அடுப்பு வாயை அடைத்துவிடாமல் வைத்திருப்பது, கூரைக்குக் கீழ் ஒரு நாள் உமியைக் காய்ந்ததாகச் சேமித்து வைப்பது, கையால் போடத் தெரிந்த ஃபயர்மேனை ஒவ்வொரு ஷிப்டிலும் வைத்திருப்பது.

மேட்டூரில் பெல்ட் நின்றால் திருத்துறைப்பூண்டியில் மோட்டார் நிற்க நேரலாம். ஆகவே அந்தப் பெல்ட்டைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை டெல்டா விவசாயிக்கும் உண்டு. அடுத்த முறை எத்தனை நாள் நிலக்கரி இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்லும்போது, பாதை எரிந்தால் அதை எந்த வழியாகப் பாய்லருக்குக் கொண்டுபோவீர்கள் என்றும் கேளுங்கள்.